எந்தக் கம்பி நல்ல கம்பி?

அன்புள்ள சகோதரிக்கு,

மகளுக்குப் பல் கிளிப் கழற்றும் நாள் நெருங்குகிறது என்று மருங்காபுரியிலிருந்து எழுதியிருந்தீர்கள். பல்லின் உட்புறம் ஒட்டும் ரிடெய்னர் கம்பியில் இரண்டு வகை சொன்னார்களாம். கையால் வளைப்பது ஒன்று; கம்ப்யூட்டரில் வடிவமைத்து வருவது இன்னொன்று. "விலை கூடினதுதான் நல்லதா டாக்டர்?" என்று கேட்கிறீர்கள். பலருக்கும் இருக்கும் சந்தேகம், அதனால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கிளிப் கழற்றியதும் பல் பழைய இடத்துக்கே போகப் பார்க்கும். ஈறின் நார்கள் புது இடத்துக்குப் பழக ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை, ஏன் அதற்குப் பிறகும், பல்லைப் பிடித்து வைக்கத்தான் இந்தக் கம்பி.

கையால் வளைக்கும் கம்பி 1970களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பல புரிகளாக முறுக்கிய மெல்லிய எவர்சில்வர் கம்பியை அச்சில் வைத்து வளைத்து, கோரைப்பல் முதல் கோரைப்பல் வரை ஆறு பற்களிலும் காம்போசிட் பசையால் ஒட்டுவார்கள். வளைத்தவர் கை பிசகினால் கம்பிக்குள் விறைப்பு தங்கிவிடும். பல்லைப் பிடிக்க வேண்டிய கம்பியே மெல்ல அதைத் திருப்பிவிடுவதும் உண்டு.

டிஜிட்டல் கம்பிக்கு வாய்க்குள் ஸ்கேனர் விட்டுப் படமெடுப்பார்கள். ஜெர்மனியில் 2012 வாக்கில் வந்த முறையில், நிக்கல்-டைட்டானியம் தகட்டிலிருந்து லேசரால் கம்பியை வெட்டி எடுக்கிறார்கள். வளைக்கிற வேலையே இல்லை. பல்லின் மேடு பள்ளத்தோடு ஒட்டி உட்காரும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்துவிட்டன. டிஜிட்டல் கம்பி நீடித்து நிற்கும் என்று அவை உறுதியாகச் சொல்லவில்லை. 2023இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், மேல்வரிசையில் டிஜிட்டல் கம்பிகள்தான் அதிகம் கழன்றன. காரணம் எளிது: பெரும்பாலும் கம்பி அறுவதில்லை, பசைதான் விட்டுப்போகிறது. ஒட்டும்போது எச்சில் படாமல் பல்லை உலர வைத்தாரா என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. அதைக் கம்ப்யூட்டர் செய்யாது.

மீதிப் பாதி உங்கள் வீட்டில். பக்கத்து ஊர் மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதை முன்பல்லால் கடித்தால் எந்தக் கம்பியும் தாங்காது. உடைத்து, கடைவாயில் போட்டு மெல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று: கையால் வளைத்த கம்பி ஒரு பல்லில் விட்டுப்போனால், பக்கத்து ஊர் பல் டாக்டரே பசை வைத்துத் தந்துவிடலாம். டிஜிட்டல் கம்பி உடைந்தால் மறுபடி ஸ்கேன், லேபுக்கு ஆர்டர், காத்திருப்பு.

ஆகவே கீழ்வரிசைக்குக் கையால் வளைத்த கம்பியே போதும் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தில் இரவில் மாட்டும் கழற்று ரிடெய்னர் ஒன்றும் செய்துகொள்ளுங்கள். கம்பிக்கு அடியில் காரை சேராமல் பல்லிடுக்கு பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டுங்கள். செலவு யோசனை என்றால், புதுக்கோட்டையில் 2023 முதல் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் விசாரித்துப் பாருங்கள்.

கம்பி ஆடுவதாக மகள் சொன்னால் மட்டும், வலி இல்லையே என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த வாரமே கூட்டிப்போங்கள்.

அன்புடன்,
உங்கள் பல் மருத்துவர்