அரை நொடித் தாமதம்

அன்புள்ள தம்பிக்கு,

இலவச மென்பொருள் ஒன்றில் நீ சொன்ன பிழையை மாதக்கணக்கில் திருத்தவில்லை என்று, அதைப் பராமரிப்பவரை எல்லாரும் பார்க்கும்படி நாலு வார்த்தை கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முன் எக்ஸ்இசட் என்ற நிரலுக்கு நேர்ந்ததைக் கேள்.

கோப்புகளைச் சுருக்கும் அந்த நிரல் ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினிகளிலும் உண்டு. பின்லாந்தின் லாஸ்ஸே கோலின் அதைச் சம்பளமில்லாமல், பெரும்பாலும் தனியாளாகப் பார்த்துவந்தார். 2022இல் சில பெயர்களிலிருந்து அவருக்குக் குத்தலான மின்னஞ்சல்கள் வந்தன: வேலை நகரவில்லை, ஆர்வம் போய்விட்டது, வேறு ஆளிடம் கொடுங்கள். நெடுநாளாக மனநலம் சரியில்லை, இது ஊதியமில்லாமல் செய்யும் பணி என்று அவர் ஒளிக்காமல் பதில் எழுதினார். நச்சரிப்பு நிற்கவில்லை. அதே காலத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் பொறுமையாகத் திருத்தங்கள் அனுப்பி உதவிவந்தார். களைத்திருந்த கோலின் மெல்ல மெல்ல அவரிடம் பொறுப்பைப் பகிர்ந்தார்.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அந்த ஜியா டான் வெளியிட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளில், சர்வர்களுக்குள் திருட்டுத்தனமாக நுழையக் கொல்லைப்புற வழி ஒன்று இருந்தது. தொலைவிலிருந்து உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார். பெரும்பாலான சர்வர்களுக்குப் போய்ச் சேருமுன் பிடிபட்டது.

அந்தக் கோபக் கடிதங்களும் சதியின் பகுதியே என்று பலர் சந்தேகிக்கிறார்கள். என்னை உறுத்துவது வேறு. அவை வந்தபோது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இலவசமாக உழைப்பவரை உண்மையான பயனர்களும் நாள்தோறும் அப்படித்தான் ஏசுகிறார்கள். திருடன் கலந்து மறைய நாம்தான் கூட்டம் சேர்த்துவைத்திருந்தோம்.

ஆகவே நீ எழுது, ஆனால் பிழையைப் பற்றி எழுது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன செய்தபோது வந்தது, திரையில் வந்த செய்தி என்ன என்று வரிசையாகச் சொல். முடிந்தால் திருத்தத்தையும் நீயே எழுதி அனுப்பு. பதில் வராவிட்டால் அவருக்கு வீடு, நோய், வேறு வேலை எல்லாம் இருக்கும் என்று எண்ணிக்கொள். நாளை நீயே ஒன்றைப் பராமரிக்கும்போது ஓய்ந்துபோனால், சில மாதம் தொடமாட்டேன் என்று முகப்பிலேயே எழுதிவிடு. அவசரத்தில் வந்த கைக்குச் சாவியைக் கொடுக்காதே.

உன் நிறுவனம் அந்த மென்பொருளை வைத்துச் சம்பாதிக்கிறது அல்லவா? அதைப் பராமரிப்பவருக்கு ஏன் ஒரு தொகை தருவதில்லை என்று மேலாளரிடம் கேள். உன் காட்டத்தை அங்கே காட்டு.

அன்புடன்,
அண்ணன்