பார் சோப்பிலிருந்து வீட்டிலேயே சலவைத் தூள்

ஒருவர் வயலிலும் மற்றொருவர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் உழைக்கும் குடும்பங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் பல உண்டு. சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒருசேர வந்து சேரும் இவ்வீடுகளில் துணி வெளுக்க ஆகும் செலவு சிறிதல்ல. பார் சோப்பைச் சீவி வீட்டிலேயே தூள் தயாரித்து இச்செலவைக் குறைக்கலாம். ஆனால், உங்கள் கிணற்று நீர் இதற்கு ஏற்றதா என்பதை முதலில் அறிந்து கொள்ளுங்கள்.

கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. சோப்பு நுரைப்பதற்கு முன்பே இவற்றுடன் சேர்ந்து கரையாத திப்பியாக மாறிவிடும். வெள்ளை வேட்டி பழுப்பேறுவது இத்திப்பியால்தான். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை கொண்ட 10 லிட்டர் நீர், அழுக்கைத் தொடுமுன்பே ஏறக்குறைய 18 கிராம் சோப்பை விழுங்கிவிடும். அதே நீரை மென்மையாக்க, உலர்ந்த சலவைச் சோடா 3 கிராமுக்குச் சற்று மேல் போதும். சிக்கனத்தின் சூட்சுமம் சோப்பில் இல்லை, சோடாவில் இருக்கிறது.

இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் பாதியளவு உங்கள் கிணற்று நீரை எடுத்து, ஒன்றில் மட்டும் ஒரு சிட்டிகை சலவைச் சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு இரண்டிலும் சம அளவு சோப்புச் சீவலைப் போட்டுக் குலுக்குங்கள். சோடா சேர்த்ததில் நுரை நின்றால் இம்முறை உங்களுக்குப் பயன்படும். இரண்டிலும் நுரை நிற்காவிட்டால் நீரில் உப்பு மிகுதி எனக் கொள்ளலாம். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது 1960களின் இறுதியிலேயே கண்டறியப்பட்டது. அத்தகைய உப்பு நீரில் சோப்பு சரிவரக் கரையாது. அங்குள்ளோர் மழைநீரையோ ஏரி நீரையோ பயன்படுத்தலாம். இல்லையேல் கடையில் விற்கும் டிடர்ஜென்ட் தூளே மேல்.

எண்ணெயிலிருந்து செய்த துணி சோப்பாகப் பார்த்து வாங்குங்கள். டிடர்ஜென்ட் கட்டி இதற்கு உதவாது. அரை கிலோ சோப்பைத் தேங்காய்த் துருவலைப் போல் சீவி, ஒடித்தால் முறியும் வரை நிழலில் உலர்த்திப் பொடியாக்குங்கள். சலவைச் சோடாப் படிகங்களை வெயிலில் பரப்பினால் ஓரிரு நாளில் வெண்பொடியாக உதிரும். ஆப்பச் சோடா இதற்கு ஈடாகாது. காஸ்டிக் சோடாவைக் கையாலும் தொடாதீர்கள்.

இரண்டையும் ஒரே டப்பாவில் கலந்து வைப்பதே பலர் வழக்கம். தனித்தனியே வைப்பதே சிறந்தது என்பது எம் கருத்து. முதலில் 10 லிட்டர் நீருக்குத் தட்டையாக ஒரு தேக்கரண்டி சோடா கரைத்துப் பத்து நிமிடம் விட்டு, அதன் பின் நுரை நிற்கும் வரை சோப்புத் தூளைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். பிளாஸ்டிக் வாளியே ஏற்றது. அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரித்துவிடும். பட்டு, கம்பளித் துணிகளுக்கு இது கூடாது.

பூச்சிமருந்து தெளித்த அன்று உடுத்திய துணிகளை மற்றத் துணிகளுடன் சேர்க்காமல் தனியே துவையுங்கள். அந்த நீரைக் குளத்திலோ கால்வாயிலோ விடக்கூடாது. சோடா கலந்த நீரில் சோடியம் இருப்பதால், களிமண் நிலத்தில் நாள்தோறும் ஒரே இடத்தில் விட்டால் மண் இறுகிக் களர்த்தன்மை அடையும். வாழை, தென்னைக்குப் பாய்ச்சுவதாயின், அலசிய நீரை மட்டும் இடம் மாற்றி மாற்றி விடுங்கள்.