புயல் வரும் ஊரில் ஒரு கருவிப்பெட்டி

2011 டிசம்பர் 30 காலையில் 'தானே' புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கூரைகள் பறந்தன. மின்கம்பங்கள் முறிந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில் தச்சரோ எலக்ட்ரீஷியனோ கூப்பிட்டவுடன் வர முடியாது. அவர் வீட்டுக் கூரையும்தானே போயிருக்கும்! "சரி, நாமே பார்த்துக்கலாம்" என்று பரணில் கிடந்த சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறுகிறோம். புயலுக்குத் தப்பியவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

அதனால் கருவி வாங்கும் காலம் ஆடி, ஆவணி. ஐப்பசி மழை தொடங்கிய பிறகு அல்ல.

நிறைய வேண்டாம். ஒரு சுத்தியல், இரண்டு மூன்று அளவில் திருப்புளி, கட்டிங் பிளேயர், ஸ்பேனர், இரும்பறுக்கும் ரம்பம், மரம் அறுக்கும் ரம்பம், அளவு டேப், டெஸ்டர். இவை போதும். முப்பது சாமான் அடங்கிய மலிவு செட்டைவிட, நல்லதாக எட்டு சாமான் மேல். கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். சுத்தியலை ஆட்டினால் தலை ஆடக்கூடாது. கைப்பிடி மரத்தில் விரிசலோ முடிச்சோ இருந்தால் வேண்டாம். உளியின் தலை அடிபட்டு அடிபட்டுக் காளான் போல் விரிந்திருந்தால் ராவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் படும். பில் கேட்டு வாங்குங்கள். பொருளில் குறை இருந்து கடைக்காரர் மாற்றித் தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்ய அந்தப் பில் வேண்டும்.

இரும்பு ரம்பத்தில் பிளேடு மாட்டும்போது பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். தள்ளும்போதுதான் அது அறுக்கும். மெல்லிய தகட்டுக்கு நெருக்கமான பல், தடித்த கம்பிக்கு அகலமான பல். திருப்புளி போடும்போது பொருளை உள்ளங்கையில் வைத்து அழுத்தாதீர்கள். வழுக்கினால் அது கையில்தான் இறங்கும். ஸ்பேனரைத் தள்ளாமல் நம் பக்கம் இழுங்கள்.

கூரை வேலைக்கு வருவோம். தில்லைச் சிற்றம்பலத்தின் பொன்கூரையில் 21,600 ஓடுகள், 72,000 ஆணிகள் என்று கணக்குச் சொல்வார்கள். நம் வீட்டு சிமெண்ட் ஷீட்டுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் அதுவும் நிற்பது போல்ட்டில்தான். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். வெயில் காலத்திலேயே ஏணி வைத்துப் பாருங்கள். துருவேறிய கொக்கி போல்ட்டை மாற்றி, துத்தநாகப் பூச்சுள்ளதை வாஷரோடு போடுங்கள். அளவுக்கு மீறி முறுக்கினால் ஷீட் வெடித்துவிடும்.

ஷீட்டின் மேல் நேராகக் காலை வைக்காதீர்கள். பார்க்கக் கெட்டியாக இருக்கும், மிதித்தால் உடைந்து ஆளை உள்ளே தள்ளிவிடும். அடியில் சட்டம் ஓடும் இடங்களின் குறுக்கே நீளப் பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். ஈரக் கூரையில் ஏறவே வேண்டாம். கீழே ஏணியைப் பிடிக்க ஒருவர் இருக்கட்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

மின்சார விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் சில வயர்களில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டையும் அணையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். கரண்ட் இருப்பது உறுதியான பாயிண்டில் முதலில் வைத்து, டெஸ்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிளேயரில் ரப்பர் உறை இருந்தால் மட்டும் போதாது. கைப்பிடியில் '1000 வோல்ட்' என்று பொறித்திருக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பிக்கு எந்தக் கருவியும் வேண்டாம், எட்ட நின்று மின்னகத்தை 94987 94987-ல் அழையுங்கள்.

வேலை முடிந்ததும் கருவியைத் துணியால் துடைத்து, மெஷின் ஆயில் லேசாகத் தடவி வையுங்கள். தேங்காய் எண்ணெய் பிசுபிசுத்துப் போகும். பெட்டி தரையில் இருந்தால் வெள்ளத்தில் மூழ்கும். 2024-ல் 'ஃபெஞ்சல்' மழையின்போது வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். குழந்தைக்கு எட்டாத உயரத்தில், அதே சமயம் இருட்டிலும் கை போகிற இடத்தில் வையுங்கள்.

ஆணி குத்தினால் "சின்னக் காயம்தானே" என்று மஞ்சள் பத்துப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்; தேவைப்பட்டால் ரணஜன்னித் தடுப்பூசி போடுவார்கள். கூரையிலிருந்து விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்காமல், அசைக்காமல் 108-ஐ அழையுங்கள்.