வேலை நின்றபின் கிடைக்கும் காசும் பழைய கடனும்

மீளக்குடியமர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வீட்டோடு சேர்ந்து கடனும் வந்தது. இந்திய வீட்டுத்திட்டத்தின் 550,000 ரூபா போதாமல், நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கூரை போட்டவர்கள் குடாநாட்டில் பலர். சம்பளம் இருந்தவரை தவணை கட்டினார்கள். ஆட்குறைப்பு வந்தால் சம்பளம் நிற்கும். ஆனால் கையில் மொத்தமாக ஒரு தொகை வரும். அதைக் கொண்டு கடனை எப்படிப் பேசித் தீர்ப்பது?

1. உங்களுக்குரியதை அறியுங்கள்

15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்த இடத்தில் நீங்கள் 5 வருடம் பூர்த்தி செய்திருந்தால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும். மாதச் சம்பளம் பெற்றவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசிச் சம்பளம் 40,000 ரூபா, சேவை 8 வருடம் என்றால் பணிக்கொடை 160,000 ரூபா. அதை 30 நாட்களுக்குள் தரவேண்டும். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள்.

ஊழியர் சேமலாப நிதி பொதுவாகப் பெண்களுக்கு 50, ஆண்களுக்கு 55 வயதில்தான் கிடைக்கும். அதை நம்பிக் கடன்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. முதலில் அடுப்பு எரியட்டும்

மூன்று மாதச் செலவுக்கான காசை வேறு கணக்கில் வையுங்கள். முழுவதையும் கடனுக்குக் கொடுத்தால் அடுத்த மாதமே புதுக்கடன் தேடவேண்டி வரும்.

3. கடன்களை வரிசைப்படுத்துங்கள்

வாசலில் நின்று சத்தம் போடுபவரின் கடன்தான் முதற்கடன் என்றில்லை. ஈடு வைத்த காணி, ஏலத்துக்குப் போகக்கூடிய நகை, உங்களுக்குப் பிணை நின்றவர்கள்: இவற்றை முதலில் பாருங்கள்.

4. பேசுங்கள்

முதல், வட்டி, தண்டம் மூன்றையும் தனித்தனியே காட்டும் கணக்கைக் கேளுங்கள். தவணை வாங்க வருபவரோடு அல்ல, முகாமையாளரோடு பேசுங்கள்.

ஓர் உதாரணம்: கையில் 400,000 ரூபா. வீட்டுச் செலவுக்கு 150,000 ஒதுக்கினால் மீதி 250,000. நகையை மீட்க 110,000 வேண்டும். நுண்கடன் நிலுவை 120,000. அதில் முதல் 85,000. "ஒரே தடவையில் 90,000 தருகிறேன், கணக்கை முடியுங்கள்" என்று கேட்கலாம். மாதக்கணக்கில் அலைவதைவிட இன்றே கிடைக்கும் காசு அவர்களுக்கும் நல்லது. சம்மதிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனாலும் கேட்பதில் நட்டமில்லை. மிஞ்சும் 50,000 ரூபாவில் வங்கிக் கடனின் பிந்திய தவணைகளைக் கட்டி, மீதிக்குச் சிறிய தவணை கேளுங்கள்.

5. எழுத்தில் வாங்குங்கள்

"இத்தொகையோடு முழுக்கடனும் தீர்ந்தது" என்ற கடிதம் கைக்கு வராமல் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டோடு, நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுத்தாள்களையும் கேட்டு வாங்குங்கள். காணி ஈடு என்றால் நொத்தாரிசு மூலம் ஈட்டை நீக்கிப் பதிவு செய்யுங்கள். தனியாரிடம் வாங்கிய கடனில் பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபையை நாடலாம்.

பயிற்சி

ஒரு தாளில் உங்கள் கடன்களை எழுதுங்கள்: யாருக்கு, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, ஈடாக என்ன, பிணை யார். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதுங்கள். ஒருவர் மறைத்த கடன் இந்தக் கணக்கு முழுவதையும் பிழையாக்கிவிடும்.