காரணம் பெரிதா, தீர்வு பெரிதா?

மழை கொட்டும் இரவில் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறோம். அன்றைய இரவுக்கு அது தீர்வுதான். ஆனால் அடுத்த மழைக்கும் அதே பாத்திரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து அடைத்தவருக்கோ அந்தத் தொல்லை மீண்டும் இல்லை. இவ்விருவரில் அறிவுடையவர் யார் என்று கேட்டால், ஓட்டையை அடைத்தவரையே எல்லாரும் சுட்டுவர். ஆயினும் நள்ளிரவில், பிள்ளைகள் நனைந்துகொண்டிருக்கும் வேளையில், பாத்திரத்தை வைக்காமல் ஏணியைத் தேடிப் புறப்படுபவரை நாம் அறிவாளி என்போமா?

ஒரு துன்பத்தின் காரணத்தை அறிவது முதன்மையானதா, அதற்குத் தீர்வு காண்பது முதன்மையானதா என்னும் வினா எளியதாகத் தோன்றினும் அதன் விடை எளியதன்று. இதனை வெறும் சொற்போராக ஆக்காமல், இந்நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்த மூன்று செய்திகளைக் கொண்டு ஆராய்வோம். மூன்றும் உழைக்கும் மக்களின் வாழ்வோடு தொடர்புடையவை.

காரணம் தெரியுமுன் கிடைத்த தீர்வு

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் பெரிபெரி என்னும் நோய் பரவியிருந்தது. கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையினர் இந்நோயால் மாண்டனர். ஆனால் தோட்டங்களில் உழைத்த தமிழர்களை அது பெரும்பாலும் அண்டவில்லை. இரு சாராரும் உண்டது சோறுதான். எனினும் அவர்கள் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் இந்த வேற்றுமையைக் கண்டு, 1907இல் அதுபற்றி ஒரு நூலை வெளியிட்டார். நாட்பட்ட வெள்ளை அரிசியில் ஒருவகை நஞ்சு உண்டாகிறது என்பது அவர் கருத்து. பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இரு மருத்துவ ஆய்வாளர்கள், நெகிரி செம்பிலான் காட்டுப்பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளர்கள் சுமார் 300 பேரை இரு பிரிவுகளாகப் பிரித்தனர். ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மற்றதற்குப் புழுங்கல் அரிசியும் வழங்கினர். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. உழைப்பாளர்களின் உடலை வைத்தே நடந்த சோதனை அது. இன்றைய மருத்துவ நெறி அதனை ஏற்காது. ஆயினும் அதன் வழியாகவும் பின்னர் நடந்த ஆய்வுகளின் வழியாகவும் ஓர் உண்மை வெளிப்பட்டது. வெள்ளை அரிசியில் நஞ்சு சேரவில்லை. தீட்டும்போது தவிட்டோடு தேவையான ஏதோ ஒன்று நீங்கிவிடுகிறது.

அந்த 'ஏதோ ஒன்று' பி1 என்னும் வைட்டமின். அதனைத் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுத்தவர்கள் ஜாவாவில் ஆய்வு நடத்திய டச்சு அறிஞர்களாகிய ஜான்சனும் டோனத்தும் ஆவர். ஆண்டு 1926. நெல்லை அவிக்கும்போது அச்சத்து தவிட்டிலிருந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது என்பதே புழுங்கல் அரிசியின் சிறப்பு. நெல்லை அவித்த நம் முன்னோர் இதனை அறிந்திருக்கவில்லை. பிராடன் கூறிய காரணமும் தவறாகவே முடிந்தது. ஆனால் அவர் பரிந்துரைத்த அரிசி சரியானது. முழுக் காரணமும் தெரியட்டும் என்று 1926 வரை காத்திருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் போயிருக்கும்! இங்கே தீர்வே முந்திக்கொண்டது, முந்தியதும் நன்மையாயிற்று.

ஒரே தீர்வு, இரண்டு விளைவு

அப்படியானால் காரணத்தைத் தேடும் வேலையே வேண்டாமா? மலேரியாவின் கதை இதற்கு மறுமொழி கூறுகிறது.

1897இல் ரொனால்ட் ரோஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுவே இந்நோய்க்கு வழி என்பது தெளிவாயிற்று. 1901இல் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் கிள்ளானில் பொறுப்பேற்றார். அவ்வாண்டே அருகில் புதிய துறைமுகமும் திறக்கப்பட்டது. நகரிலும் துறைமுகத்திலும் குளிர்க்காய்ச்சல் மக்களை வாட்டியது. சுற்றியிருந்த காட்டை வெட்டவும், சதுப்பு நீரை வடிக்கவும் வாட்சன் வற்புறுத்தினார். வேலை நடந்தது, அடுத்த ஆண்டிலேயே காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. 'காட்டை வெட்டு, நீரை வடி' என்பது வெற்றிகண்ட தீர்வாயிற்று.

அக்காலத்தில்தான் ரப்பர்த் தோட்டங்கள் மலைச்சரிவுகளிலும் பரவிக்கொண்டிருந்தன. அங்கேயும் காடு வெட்டப்பட்டது, கால்வாய்களும் தோண்டப்பட்டன. ஆனால் காய்ச்சல் குறையவில்லை. காடு மூடியிருந்த பள்ளத்தாக்குகள் திறந்துவிடப்பட்ட இடங்களில் அது முன்னிலும் பெருகியது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம்மவர் பலர் அம்மலைத் தோட்டங்களிலேயே மடிந்தனர். கிள்ளானில் உயிர் காத்த தீர்வு மலையில் உயிர் குடித்தது ஏன்?

'கொசு' என்று ஒரே சொல்லால் குறித்தது ஒரே கொசு அன்று. சமவெளியில் காய்ச்சலைப் பரப்பியது, காட்டு நிழலில் தேங்கிய நீரில் பெருகும் இனம். மலையில் பரப்பியது அனோபிலிஸ் மக்குலாட்டஸ் என்னும் வேறோர் இனம். அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரையே நாடுவது. காடு மூடியிருந்தவரை அந்த ஓடைகளில் அதற்கு இடமில்லை. கோடரியே அதற்கு வீடு கட்டிக் கொடுத்தது. இதனை உணர்ந்த பின்னரே மலை ஓடைகளை நிலத்தடிக் குழாய்களில் செலுத்தவும், திறந்த நீரில் எண்ணெய் தெளிக்கவும் முற்பட்டனர். கொசுதான் காரணம் என்பது உண்மையே. ஆனால் எந்தக் கொசு, எந்த நீரில், எந்த நிழலில் என்று கேட்காத வரையில் அவ்வுண்மை அரைகுறையாகவே இருந்தது.

இப்பாடம் பழங்கதையாகிவிடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியே பரவும் மலேரியா உள்நாட்டில் ஒன்றுகூடத் தோன்றாத நிலையை மலேசியா 2018இல் எட்டியது. ஆயினும் குரங்குகளிடமிருந்து பரவும் மலேரியா தொடர்கிறது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு அது தொற்றியிருந்ததை ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். அதனைப் பரப்பும் கொசுக்கள் காட்டோரத்தில், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே கடிப்பவை. வீட்டினுள் கட்டிய கொசுவலை மட்டும் இதற்குப் போதாது. காரணம் மாறினால் தீர்வும் மாறியாக வேண்டும்.

ஓயாத வேலையும் ஒரு சிறு வண்டும்

மூன்றாவது செய்தி செம்பனையைப் பற்றியது. ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மரம், 1917இல் சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் முதன்முதலாக வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது. செம்பனையின் மகரந்தத்தைக் காற்றே கொண்டுசேர்க்கிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் பல தோட்டங்களில், குறிப்பாக இளமரங்களில், குலைகளில் காய் சரிவரப் பிடிக்கவில்லை. அதற்கு ஒரு தீர்வு கண்டனர்: மகரந்தத்தைச் சேகரித்து, டால்கம் பொடியோடு கலந்து, பெண்பூக்களின்மீது தொழிலாளர்களே தூவி வந்தனர். காய் பிடித்தது. ஆனால் பெண்பூ மகரந்தத்தை ஏற்கும் காலம் மிகக் குறுகியது. ஆகவே சில நாள்களுக்கு ஒருமுறை மரம் மரமாகச் சென்று அதே வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. முள் குத்தினும் மழை பெய்யினும் அவ்வேலைக்கு ஓய்வில்லை.

கேமரூனில் பணியாற்றியிருந்த லெஸ்லி டேவிட்சன் என்னும் தோட்ட நிர்வாகி, அங்கே செம்பனைப் பூக்களை மொய்க்கும் சிறு வண்டுகளை எண்ணிப் பார்த்தார். அங்கே கையால் தூவாமலே காய்க்கும் மரம், இங்கே காய்க்க மறுப்பது ஏன்? பாகிஸ்தானைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையது கேமரூனுக்குச் சென்று இதனை ஆராய்ந்தார். பூச்சிகள் அணுகாதவாறு பூக்களை மூடிவைத்துப் பார்த்தபோது, காற்று மட்டும் போதாது என்பது புலனாயிற்று. மரம் கடல் கடந்து வந்தது. அதன் துணையாகிய வண்டு வரவில்லை. இதுவே காரணம். அவ்வண்டு பிற பயிர்களுக்குக் கேடு செய்யுமா என்று சோதித்து உறுதிசெய்த பின்னர், 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் வட்டாரத்தில் விடப்பட்டது. விரைவிலேயே அது தோட்டங்கள்தோறும் பரவியது; காய்ப்பும் பெருகியது; கையால் மகரந்தம் தூவும் வேலை நின்றது.

கையால் தூவியது தவறான தீர்வன்று. அது குலைகளைக் காத்தது. ஆனால் காரணம் அறியாத தீர்வு நாள்தோறும் நம் உழைப்பைக் கேட்டது. காரணம் அறிந்த தீர்வோ தானே நின்று வேலை செய்தது.

நாம் கொள்ள வேண்டியது

இம்மூன்றையும் ஒருசேர நோக்கினால் விடை தெளிவாகிறது. உயிருக்கோ உடைமைக்கோ உடனடி ஆபத்து நேர்ந்தால், பயன் தரும் எந்தத் தீர்வையும் முதலில் மேற்கொள்ள வேண்டும். காரணத்தை ஆராயும்வரை கைகட்டி நிற்பது அறிவாகாது. ஆனால் துன்பம் தணிந்ததும் கேள்வியைக் கைவிடுவதும் அறிவாகாது. காரணம் அறியாத தீர்வு எந்த இடத்தில் பயன்பட்டதோ அந்த இடத்துக்கே உரியது. அதனை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது அது கேடாகவும் மாறலாம். நோயைக் கண்டு, அதன் மூலத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் தெரிந்து செயல்படுமாறு திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவருக்கு உரைத்த முறை நம் அனைவருக்கும் உரியது.

நம் குடியிருப்பில் டிங்கி பரவினால் புகை அடிக்கச் சொல்கிறோம். அது தேவையே. ஆனால் புகை பறக்கும் கொசுக்களை மட்டுமே கொல்லும். பூச்சட்டித் தட்டிலும் பழைய டயரிலும் தேங்கிய நீரிலுள்ள புழுக்கள் சில நாள்களில் கொசுக்களாகிவிடும். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்தால் அதட்டி அனுப்பிவிடுகிறோம். பாடம் புரியாமலா, கண் தெரியாமலா, யாருக்கேனும் அஞ்சியா என்று கேட்டறிவதில்லை. மறுவாரமும் அதே அழுகை.

இன்றைய இரவுக்குப் பாத்திரத்தை வைப்போம். விடிந்ததும் ஏணியை எடுப்போம்.