கப்பலில் 3,711 பேர்: விழுக்காட்டுக்கு ஒரு பாடம்

எட்டாம் வகுப்பில் விழுக்காடு நடத்தும்போது தள்ளுபடி, வட்டி, லாப நட்டம் ஆகியவற்றைச் சுற்றியே நம் எடுத்துக்காட்டுகள் வருகின்றன. அவை தேவைதான். ஆனால் செய்தியில் ஓர் எண்ணைப் பார்த்ததும் ‘எத்தனை பேரில்?’ என்று கேட்கும் பழக்கம் தள்ளுபடிக் கணக்கால் வருவதில்லை. அதற்காகச் சில ஆண்டுகளாக ஒரு கப்பலை வகுப்பறைக்குள் கொண்டுவருகிறேன். டயமண்ட் பிரின்சஸ் என்ற அந்தச் சொகுசுக் கப்பலின் பெயர் 2020 பிப்ரவரியில் எல்லாத் தொலைக்காட்சிகளிலும் ஒலித்தது. ஆசிரியர்கள் பலருக்கு நினைவிருக்கும். மாணவர்கள் அப்போது சிறு குழந்தைகள்; கதை அவர்களுக்குப் புதிது.

கதையைச் சுருக்கமாகவே சொல்வேன். 2020 ஜனவரி 20 அன்று ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. ஐந்து நாள் கழித்து ஒரு பயணி ஹாங்காங்கில் இறங்கிக்கொண்டார். பிப்ரவரி 1 அன்று அவருக்குக் கொரோனா உறுதியானது. பிப்ரவரி 3 அன்று கப்பல் யோகோஹாமாவுக்குத் திரும்பியபோது யாரும் இறங்க அனுமதிக்கப்படவில்லை. 5ஆம் தேதி முதல் 14 நாட்கள் பயணிகள் தத்தம் அறைகளிலேயே இருக்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பயணிகள் 2,666 பேர், பணியாளர்கள் 1,045 பேர், ஆக மொத்தம் 3,711 பேர்.

இந்த மொத்தத்தைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வட்டமிட்டு, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பேன். ஒரு நகரத்தில் நோய் பரவும்போது யார் வந்தார், யார் போனார் என்று தெரியாது. இங்கே மொத்தம் உறுதியாகத் தெரியும். நோயியல் ஆய்வாளர்கள் இந்தக் கப்பலை அவ்வளவு ஆழமாக ஆராய்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். நமக்கோ, பகுதி எண்ணை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும், கணக்கு தயார்.

முதலில் தொற்று உறுதியானவர்களின் மொத்த எண்ணிக்கையைத் தருவேன். பிப்ரவரி 5 அன்று 10, 6 அன்று 20, 7 அன்று 61, 10 அன்று 135, 13 அன்று 218, 15 அன்று 285, 16 அன்று 355, 17 அன்று 454, 18 அன்று 542, 19 அன்று 621, 20 அன்று 634. வரைபடத் தாளில் குறிக்கச் சொன்னால் கோடு செங்குத்தாக ஏறும். “அறைக்குள்ளேயே பூட்டி வச்சும் பரவிக்கிட்டே இருக்கு சார்” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அன்றைய செய்தித் தலைப்புகளும் ஏறக்குறைய அதைத்தான் சொல்லின.

அந்தப் பதிலை நான் மறுப்பதில்லை. அடுத்த பட்டியலைத் தருகிறேன். பிப்ரவரி 15 அன்று அறிவிக்கப்பட்ட முடிவுகளில் 217 பேரில் 67 பேருக்குத் தொற்று. 16 அன்று 289 பேரில் 70. 17 அன்று 504 பேரில் 99. விழுக்காடு காணச் சொன்னால் ஏறக்குறைய 31, 24, 20 என்று வரும். எண்ணிக்கை ஏறுகிறது, விழுக்காடு இறங்குகிறது! வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும். சிலர் மீண்டும் வகுத்துப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் அவசரப்பட்டு ‘ஆகவே நோய் குறைந்தது’ என்று முடித்துவிடக் கூடாது என்பது என் கருத்து. யாரைப் பரிசோதித்தார்கள் என்பதும் இடையில் மாறிக்கொண்டே இருந்தது. தொடக்கத்தில் காய்ச்சல், இருமல் உள்ளவர்களையும் நோயாளிகளோடு பழகியவர்களையும் மட்டும் சோதித்தார்கள். பிறகு முதியவர்கள், அதன்பின் மற்றவர்கள். நோயாளியாக இருக்க அதிக வாய்ப்புள்ளவர்களை முதலில் சோதித்தால் முதலில் விழுக்காடு கூடுதலாகத்தான் இருக்கும். முதல் நாள் முடிவு 31 பேரில் 10. அது 32 விழுக்காடு. அதை அப்படியே 3,711 பேருக்கும் பொருத்தினால் ஏறக்குறைய 1,197 வருகிறது. உண்மையில் கடைசிக் கணக்கு 712, அதாவது 19.2 விழுக்காடு. வித்தியாசம் ஏன் என்று மாணவர்களையே எழுதச் சொல்வேன். ‘மாதிரி’ என்ற சொல்லை நான் சொல்லாமலேயே அதன் பொருளை இரண்டு மூன்று பேராவது தொட்டுவிடுகிறார்கள்.

அதே பிப்ரவரி 20ஆம் தேதிக் கணக்கில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. தொற்று உறுதியான 634 பேரில் 328 பேருக்குச் சோதனையின்போது எந்த அறிகுறியும் இல்லை; பாதிக்கும் மேல். அவர்களில் சிலருக்குப் பின்னர் அறிகுறி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிகுறி உள்ளவர்களை மட்டும் சோதித்திருந்தால் இந்த 328 கண்ணுக்கே தெரிந்திருக்காது. எல்லாரையும் எண்ண முடிந்த ஓரிடம் இருந்ததால்தான் அது வெளிப்பட்டது.

‘பூட்டி வைத்தும் பரவியது’ என்ற கேள்விக்கு வருவோம். ஜப்பானின் தேசியத் தொற்றுநோய் நிறுவனம் அதே மாதம் வெளியிட்ட ஆய்வில், முடிவு வந்த தேதியை விட்டுவிட்டு, அறிகுறி தொடங்கிய தேதியை வைத்து வரைபடம் போட்டது. உடனே படம் மாறிவிட்டது. பயணிகளிடையே பெருமளவு பரவல் 5ஆம் தேதிக்கு முன்பே, உணவுக்கூடமும் கேளிக்கை அரங்கும் திறந்திருந்த நாட்களிலேயே நடந்திருந்தது. 19ஆம் தேதி கண்டறியப்பட்ட 79 பேர் 19ஆம் தேதி நோய் தொற்றியவர்கள் அல்லர். தொற்றிய நாள், அறிகுறி தொடங்கிய நாள், முடிவு வந்த நாள் ஆகிய மூன்றையும் ஒரே கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். புள்ளியியல் பாடத்தில் கிடைமட்ட அச்சில் என்ன எழுதுகிறோம் என்பதன் அருமை அப்போது விளங்கும்.

தனிமைப்படுத்தல் தொடங்கிய பிறகும் பரவியது எங்கே என்றால், ஒரே அறையில் தங்கியிருந்தவர்களிடையிலும் பணியாளர்களிடையிலும். எனக்கு இந்தப் பாடத்தில் மிக முக்கியமான இடம் இதுதான். 2,666 பேர் அறையை விட்டு வெளியே வராமலிருக்க வேண்டுமானால் மூன்று வேளையும் யாராவது கதவைத் தட்டி உணவு கொடுக்க வேண்டும். யாராவது சமைக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் அறைகளைப் பகிர்ந்து தங்கினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். பிப்ரவரி 9 வரை தொற்று உறுதியான பணியாளர்கள் 20 பேர். அவர்களில் 15 பேர் உணவுப் பிரிவினர். 16 பேரின் அறைகள் மூன்றாம் தளத்தில், உணவுப் பிரிவினர் தங்கிய அதே தளத்தில், இருந்தன. 75 விழுக்காடு, 80 விழுக்காடு என்று மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். அதற்குமேல் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்: இந்த 14 நாட்களில் தனிமையில் இருந்தது யார்?

கப்பலில் 138 இந்தியர்கள் இருந்தார்கள். 132 பேர் பணியாளர்கள், 6 பேர் பயணிகள். இதிலிருந்து வரும் விழுக்காட்டையும் போடச் சொல்வேன். தங்களை மீட்கும்படி பணியாளர்கள் சிலர் முகக்கவசத்தோடு நின்று பேசிய காணொளி அன்று இங்கே பலரின் கைப்பேசிக்கும் வந்தது. பிப்ரவரி 27 அன்று 119 இந்தியர்கள் விமானத்தில் டெல்லிக்கு அழைத்துவரப்பட்டனர். கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் நம் ஊர்களிலும் உண்டு. “எங்க சித்தப்பா இந்த மாதிரிக் கப்பல்லதான் இருக்காங்க” என்று ஒரு மாணவி சொன்ன ஆண்டில், அதுவரை கணக்கில் ஆர்வம் காட்டாத இரண்டு மாணவர்கள் அவளிடம் கப்பலின் தளங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பகுதி உண்டு. சொகுசுக் கப்பல்களில் அடிக்கடி பேசப்படும் நோய் கொரோனா அன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் நோரோ வைரஸ். ஆல்கஹால் கலந்த சானிடைசர் அதன்மேல் நன்றாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும் வேண்டும். மதிய உணவுக்கு முன் கைகழுவும் வரிசையில் சானிடைசர் பாட்டிலைக் காட்டித் தப்பிக்கப் பார்க்கும் குழந்தையிடம் சொல்ல இது நல்ல செய்தி. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களில் பயணிகளிலோ பணியாளர்களிலோ 3 விழுக்காட்டினருக்கு இந்த அறிகுறிகள் வந்தால் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைப் பொதுவில் அறிவிக்கிறது. அதனால் கப்பல் என்றாலே நோய் என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் அந்நாட்டில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு ஏறக்குறைய 1 விழுக்காடுதான். கப்பலில் எண்ணுகிறார்கள், அதனால் தெரிகிறது. ஐந்தாம் வகுப்புக்கு 3 விழுக்காட்டை நூற்றுக்கு மூன்று பேர் என்று சதுரத் தாளில் வண்ணமிட்டுக் காட்டலாம்.

எட்டாம் வகுப்பில் இதற்கு இரண்டு பாடவேளை பிடிக்கும். முதல் வேளை அட்டவணைக்கும் வரைபடத்துக்கும் போய்விடும். பணியாளர்களைப் பற்றிய பகுதியைத் தயவுசெய்து மணி அடிக்கும் நேரத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். இரண்டாம் வேளையை அதிலிருந்தே தொடங்குங்கள். கரோனாவில் உறவினரை இழந்த குழந்தை வகுப்பில் இருக்கலாம் என்பதால் கப்பலில் நேர்ந்த இறப்புகளை நான் கணக்காகக் கொடுப்பதில்லை. கேட்டால் மட்டும் சொல்வேன். வீட்டுப்பாடமாக, அந்த வாரச் செய்தித்தாளிலிருந்து மொத்தம் குறிப்பிடப்படாத ஓர் எண்ணிக்கையை வெட்டி ஒட்டி, அதன் கீழே என்ன கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி வரச் சொல்கிறேன்.