அஷிமா எந்தத் தண்டவாளத்தில் ஓடுவாள்?

விடுமுறை நாட்களில் நம் வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் கூடினால், பார்த்த கார்ட்டூன் படத்தைப் பற்றி வாக்குவாதம் எழாமல் இருப்பதில்லை. "இந்தக் காட்சியில் சக்கரம் எட்டு இருந்தது" என்பான் ஒருவன். "நீ சரியாகவே பார்க்கவில்லை" என்பாள் இன்னொருத்தி. பெரியவர்களாகிய நாம், "பொம்மைப் படத்துக்கு இத்தனை சண்டையா?" என்று அதட்டி அடக்கிவிடுகிறோம். அப்படி அடக்குவது சரிதானா என்று ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம். அது நம் நீலகிரியிலிருந்தே கிடைக்கிறது.

யார் இந்த அஷிமா?

முகம் கொண்ட ரயில் எஞ்சின்கள் பேசி விளையாடும் 'தாமஸ் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' பல வீடுகளில் அறிமுகமானதே. 2016இல் வெளிவந்த 'தி கிரேட் ரேஸ்' என்ற படத்தில் அஷிமா என்னும் இந்திய எஞ்சின் வந்தாள். குரல் கொடுத்த நடிகை டினா தேசாய் நம் பெங்களூரில் பிறந்தவர். அஷிமாவின் உருவத்துக்கு மாதிரியாக அமைந்தது, மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை ரயிலின் எக்ஸ் வகை நீராவி எஞ்சின். ரயில் பிரியர்கள் அதோடு விடவில்லை. "நீலகிரி எஞ்சின் தாமஸின் தண்டவாளத்தில் எப்படி ஓடும்?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ரயில்வேயில் காலம் கழித்தவன் என்ற முறையில், இத்தகைய கேள்விகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் வகை: அளந்து தீர்க்கக் கூடியவை

இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலத்தைக் கேஜ் என்கிறோம். நீலகிரிப் பாதை மீட்டர் கேஜ். அகலம் 1000 மில்லிமீட்டர். தாமஸ் ஓடுவது இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கேஜ், 1435 மில்லிமீட்டர். வித்தியாசம் 435 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உண்மையான நீலகிரி எஞ்சினைத் தாமஸின் பாதையில் வைத்தால், சக்கரங்கள் தண்டவாளத்தில் அமராமல் நடுவே இறங்கிவிடும். கேள்வி கேட்ட பிள்ளையின் பக்கம்தான் நியாயம்.

நம் ஊரிலேயே இதைக் காட்டலாம். பெங்களூரு ரயில் நிலையத்தில் இருப்பது பிராட் கேஜ், 1676 மில்லிமீட்டர். 2011இல் ஓடத் தொடங்கிய நம்ம மெட்ரோவோ 1435 மில்லிமீட்டர். அகலத்தை மட்டும் பார்த்தால், தாமஸ் மெட்ரோ பாதையில் நிற்பான். மைசூர் எக்ஸ்பிரஸ் போகும் பாதையில் நிற்கமாட்டான்! அஷிமா இரண்டிலுமே நிற்கமாட்டாள்.

அடுத்த கேள்வி பல் தண்டவாளம் பற்றியது. மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்திலும் உதகை 2203 மீட்டர் உயரத்திலும் உள்ளன. இடையே உள்ள தூரம் 46 கிலோமீட்டர்தான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் மிகக் கடுமை. சில இடங்களில் ஏறத்தாழ 12 அடி முன்னே சென்றால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் இவ்வளவு ஏற்றத்தைப் பிடித்து ஏறாது, சறுக்கும். அதனால் பாதையின் நடுவே பல் வெட்டிய இரண்டு இரும்புச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியில் உள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்வி ஏறுகிறது. இரண்டு சட்டங்களின் பற்களும் நேருக்கு நேராக இல்லாமல் மாறி மாறி அமைந்திருக்கும். ஒன்றில் பல் விடுபடும் வேளையில் மற்றொன்றில் பிடி இருந்துகொண்டே இருக்கும்.

எக்ஸ் எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர்கள். பக்கத்துக்கு இரண்டாக, ஒன்றின் மேல் ஒன்று இருக்கும். கீழுள்ளவை சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும். அங்கு வேலை செய்து வெளிவரும் நீராவி மேலுள்ளவற்றுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே நீராவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். முதலில் இவை ஸ்விட்சர்லாந்திலிருந்து வந்தன. பின்னர் நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்திருக்கிறார்கள்.

இரண்டாம் வகை: கதை சொல்பவரின் உரிமை

நீலகிரி எஞ்சினுக்கு நீல வண்ணம்; அஷிமாவுக்கோ இளஞ்சிவப்பும் பூவேலையும். தமிழ்நாட்டு எஞ்சினுக்கு வள்ளி என்று பெயர் வைக்காமல் அஷிமா என்று ஏன் வைத்தார்கள் என்று நமக்கும் தோன்றலாம். இவற்றை டேப் வைத்து அளக்க முடியாது. எஞ்சினுக்கு முகம் வைத்தபோதே கதை சொல்பவர் அந்த உரிமையை எடுத்துக்கொண்டுவிட்டார். இதில் யாருக்கும் வெற்றி இல்லை. பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஆனால் தாமஸ் கதைகளைத் தொடங்கிய பாதிரியார் ஆட்ரி, வாசகர் கேள்விகளை அலட்சியம் செய்யவில்லை. அவருடைய முதல் புத்தகம் 1945இல் வந்தது. "அந்தப் படத்தில் ஒரு மாதிரி, இந்தப் படத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று சிறுவர்கள் கடிதம் எழுதினார்கள். அதற்காகவே அவர் சோடோர் என்ற கற்பனைத் தீவை உருவாக்கி, வரைபடமும் வரலாறும் எழுதி வைத்தார். பிள்ளைகளின் நச்சரிப்பில் ஒரு தீவே பிறந்தது!

மூன்றாம் வகை: உயிரோடு சம்பந்தப்பட்டவை

1990களின் தொடக்கத்தில் வந்த ஒரு தொலைக்காட்சிக் கதையில், ஹென்றி என்ற எஞ்சின் காட்டின் அழகை ரசிக்க நடுவழியில் நிற்கிறது. ஆட்ரி இதைக் கடுமையாக ஆட்சேபித்தார். இது பிரிட்டிஷ் ரயில்வேயின் 55ஆம் விதிக்கு மாறானது என்றார். அந்த விதிப்படி, பாதையில் ரயில் நின்றுவிட்டால், அதை நினைவூட்டச் சிக்னல் கேபினுக்கு ஓர் ஆள் போக வேண்டும்.

இது அற்ப விஷயமா? 1915 மே 22 அன்று ஸ்காட்லாந்தில் குயின்டின்ஸ்ஹில் என்ற இடத்தில் ஓர் உள்ளூர் ரயில் மெயின் லைனில் நின்றது. அதன் ஃபயர்மேன் விதிப்படி கேபினுக்குப் போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். ஆனால் சிக்னல் நெம்புகோலில் பாதுகாப்பு வளையம் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கவில்லை. கேபினில் இருந்தவர்கள் அந்த ரயிலை மறந்தார்கள். படைவீரர்களின் ரயில் வந்து மோதியது. அதன்மேல் ஓர் எக்ஸ்பிரஸும் மோதியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓர் இரும்பு வளையம் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் அன்று கவனிக்க வேண்டிய 'சின்ன விஷயம்'.

ஆகவே பெற்றோர்களே, கார்ட்டூன் சண்டை எழும்போது அதட்டாதீர்கள். "இது எந்த வகைக் கேள்வி?" என்று கேளுங்கள். முதல் வகையானால் அளக்க வையுங்கள். இரண்டாம் வகையானால் விட்டுக்கொடுக்கச் சொல்லுங்கள். மூன்றாம் வகையானால் நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். இன்னொரு லாபமும் உண்டு. பள்ளியில் ஆங்கிலமும் வெளியில் கன்னடமும் பேசும் நம் பிள்ளைகளுக்கு, "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதைத் தாண்டித் தமிழில் வாதாட ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. தண்டவாளம், பற்சக்கரம், ஏற்றம், நெம்புகோல் என்ற சொற்கள் அகராதியில் இருந்தால் போதாது. சண்டையில் வர வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி

1. படத்தை நிறுத்தி வைத்து, அஷிமாவின் ஒரு பக்கத்தில் எத்தனை சிலிண்டர்கள் என்று எண்ணுங்கள். உண்மையான எக்ஸ் எஞ்சினின் புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள்.

2. மைசூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது டேப் எடுத்துச் செல்லுங்கள். பணியாளரிடம் அனுமதி பெற்று, இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புகளுக்கு இடையே அளந்து, எந்தக் கேஜ் என்று கண்டுபிடியுங்கள்.

3. கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஏன்? (குறிப்பு: இரண்டு பெட்டிகளுக்கு நடுவே உள்ள இணைப்பு அறுந்தால் பெட்டிகள் எந்தப் பக்கம் உருளும்?)

விடைகளைத் தமிழில் எழுதிப் பாருங்கள். எழுதியதை வீட்டுப் பெரியவர்களிடம் படித்துக் காட்டி, அவர்களையும் வாதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.